அமெரிக்க வாடிக்கையாளர் சாப்டர் 11-க்குப் போனால்: சிங்கப்பூர் சப்ளையர் கவனிக்க வேண்டியவை

அமெரிக்கத் திவால் சட்டத்தின் மறுசீரமைப்புப் பிரிவான சாப்டர் 11-ன் கீழ் மனு போட்ட கம்பெனி மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்தபடியே கடனை மறுசீரமைக்கிறது, புது ஆர்டரும் போடுகிறது. ஆனால் மனு தாக்கலான நொடியிலேயே வசூல் தடை தானாக அமலுக்கு வந்துவிடும். பழைய பாக்கியைக் கேட்டு மிரட்டும் மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம். அமெரிக்காவில் உங்களுக்குக் கிளையோ சொத்தோ இருந்தால், தடையை மீறுவது நீதிமன்ற அவமதிப்பில் கொண்டுபோய் விடும்.

முதல் வேலை, இன்வாய்ஸ்களைத் தேதிவாரியாகப் பிரிப்பது. பார்க்க வேண்டியது இன்வாய்ஸ் தேதியை அல்ல, சரக்கு வாங்குபவரின் கைக்குப் போன தேதியை. மனுவுக்கு முந்தைய 20 நாளில் அவர் பெற்ற சரக்கின் விலைக்கு, திவால் சட்டத்தின் 503(பி)(9) பிரிவு முன்னுரிமை தருகிறது. மற்ற பழைய பாக்கிக்குச் சில காசுகளே தேறும் வழக்கில்கூட, மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேற வேண்டுமானால் இந்தத் தொகையை முழுதாகக் கொடுத்தாக வேண்டும்.

இங்கேதான் பலர் பணத்தை விட்டுவிடுகிறார்கள். எஃப்ஓபி முறையில் சரக்கு பாசிர் பாஞ்சாங்கில் கப்பலேறியதுமே பொறுப்பு கைமாறிவிட்டதே, 20 நாள் கணக்கில் இது வராது என்று நினைத்துவிடுகிறார்கள். வேர்ல்ட் இம்போர்ட்ஸ் வழக்கில் 2017-ல் அமெரிக்காவின் மூன்றாம் சர்க்யூட் (வட்டார) மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது வேறு: வாங்குபவரோ அவருடைய ஏஜெண்டோ சரக்கை நேரடியாகக் கையில் பெற்ற நாள்தான் கணக்கு. பெரிய வழக்குகள் அதிகம் போகும் டெலவேர் இந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆகஸ்ட் 20 கப்பலேறி, செப்டம்பர் 14 கிடங்குக்கு வந்த சரக்கு, செப்டம்பர் 30 மனுவுக்குக் கணக்கில் சேரும். அதனால் கிடங்கு ரசீதை ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் முகவரிடம்) இன்றே கேட்டு வாங்குங்கள். வாங்குபவரின் வாடிக்கையாளருக்கே நேரடியாக அனுப்பிய சரக்கில் இந்த உரிமை சந்தேகம்தான்.

சரக்கு இன்னும் கடலில் இருந்தால் நிறுத்தலாம். அசல் பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) உங்களிடம் இருந்தால் விடாதீர்கள், அசல் இல்லாமலே சரக்கை விடுவிக்கச் சொல்லும் டெலெக்ஸ் ரிலீஸும் கொடுக்காதீர்கள். கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் சொல்லுங்கள். மனுவுக்கு முந்தைய 45 நாளுக்குள் போய்ச் சேர்ந்த சரக்கைத் திருப்பிக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கியின் அடமானம் அதற்கு முன்னால் நிற்பதால் பெரும்பாலும் ஒன்றும் தேறாது.

முதல் நாளிலேயே கம்பெனி கேட்டு வாங்கும் உத்தரவுகளில் ‘வெளிநாட்டு சப்ளையர்’ உத்தரவு இருக்கிறதா என்று பாருங்கள். தடை உத்தரவு நடைமுறையில் எட்டாத சப்ளையர்கள் விநியோகத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தால் உருவானது இது. நீதிமன்றம் அனுமதித்த மொத்தத் தொகை தீரும்வரைதான் பழைய பாக்கி கிடைக்கும், ஆகவே முந்துங்கள். பதிலுக்கு முன்பிருந்த அதே கடன் நிபந்தனைகளிலேயே தொடர்ந்து சப்ளை செய்வதாகக் கையெழுத்துக் கேட்பார்கள். அதை மீறினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர நேரும்.

மனுவுக்கு முந்தைய 90 நாளில் நீங்கள் பெற்ற பணத்தையும் கம்பெனி தரப்பு உங்களிடம் திருப்பிக் கேட்கலாம், பொதுவாக இரண்டு ஆண்டுவரை வழக்குப் போடலாம். வழக்கமான கால இடைவெளியில்தான் பணம் வந்தது என்பதும், பணம் வந்தபின் புதுச் சரக்குக் கடனாக அனுப்பினோம் என்பதும் நல்ல தற்காப்பு. அந்த 90 நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுப் பணவரவுப் பட்டியலை இப்போதே தயாரித்து வையுங்கள்.

பழைய பாக்கியை நீதிமன்றத்தில் பதிவு செய்யும் கடன் கோரிக்கைக்கு ஃபார்ம் 410. கட்டணம் இல்லை, கடைசி நாள் உண்டு. 20 நாள் தொகையைத் தனியாகக் காட்டுங்கள். அதற்கெனத் தனிப் படிவமோ தனிக் கெடுவோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனியின் பட்டியலில் உங்கள் பாக்கி ‘சர்ச்சைக்குரியது’ என்று இருந்து, நீங்கள் கோரிக்கை போடாவிட்டால் உரிமை போய்விடும். போட்டால் அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகிறீர்கள். 90 நாள் வரவு பெரிய தொகையாக இருந்தால், அமெரிக்க வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

மனுவுக்குப் பிந்தைய பாக்கிக்கு முன்னுரிமை உண்டு என்பதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. பொம்மைக் கடைச் சங்கிலியான டாய்ஸ் ஆர் அஸ் 2017 செப்டம்பரில் மனு போட்டது, 2018 மார்ச்சில் கடைகளை மூட முடிவெடுத்தது. இடையில் நம்பிச் சரக்குக் கொடுத்தவர்களுக்கு முழுப் பணம் வரவில்லை. கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் இல்லாத ஆர்டர்களுக்கு முன்பணம் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்டாண்ட்பை எல்சி (வாங்குபவர் தராவிட்டால் வங்கி பணம் தரும் உறுதிக் கடிதம்) வாங்குங்கள். கடன் காப்புறுதி இருந்தால், புதுச் சரக்கு அனுப்புமுன் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.