வேகமும் ஆர்முடுகலும்: விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பஸ்ஸின் வேகமானியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பஸ்ஸின் ஆர்முடுகல் எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. முள் 36இல் நிற்கிறது என்பது அந்தக் கணத்தின் கதியை மட்டுமே தருகிறது. அடுத்த சில செக்கன்களில் முள் ஏறுகிறதா இறங்குகிறதா, பஸ் நேரே செல்கிறதா வளைவில் திரும்புகிறதா என்பவை தெரிந்த பின்னரே ஆர்முடுகலைப் பற்றிப் பேச இயலும். நேர்கோட்டு இயக்கத்தைப் புதிதாகப் படிக்கும் மாணவர் செய்யும் தவறுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவற்றிற் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குவது தெரியவரும்: இரண்டு வேகங்களை ஒப்பிட்டுப் பெறவேண்டிய விடையை, ஒரு வேகத்தை மட்டும் பார்த்து எழுதிவிடுகிறார்கள்.

வரைவிலக்கணங்களை முதலில் ஒருமுறை நிறுத்திச் சொல்லிவிடலாம். ஓரலகு நேரத்திற் கடக்கும் தூரம் கதி. அதற்குத் திசை இல்லை. ஓரலகு நேரத்தில் ஏற்படும் இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்துக்குள்ள நேர்த்தூரமும் திசையும்) வேகம். அதற்குப் பருமனும் திசையும் உண்டு, ஆகவே அது காவிக் கணியம். ஓரலகு நேரத்தில் அந்த வேகத்தில் ஏற்படும் மாற்றமே ஆர்முடுகல். வேகத்துக்குத் திசை இருப்பதால், பருமன் மாறினாலும் திசை மாறினாலும் வேகம் மாறியதாகவே கொள்ளவேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனப்பாடம் செய்யும் மாணவர் பலர். கணக்கில் அதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலர்.

விரைவாகச் செல்வதற்கும் ஆர்முடுகலுக்கும் உள்ள உறவு

தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் என்ற மாறாக் கதியுடன் நேர்கோட்டில் ஓடும் காரின் ஆர்முடுகல் பூச்சியம். பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டு 8 செக்கன்களில் மணிக்கு 36 கிலோமீற்றரை எட்டும் பழைய பஸ்ஸுக்கோ ஆர்முடுகல் உண்டு. மணிக்கு 36 கிலோமீற்றர் என்பதை 3.6ஆல் வகுத்தால் செக்கனுக்கு 10 மீற்றர். அதை 8ஆல் வகுத்தால் ஒவ்வொரு செக்கனிலும் வேகம் சராசரியாகச் செக்கனுக்கு 1.25 மீற்றர் வீதம் கூடியிருக்கிறது. “எதற்கு ஆர்முடுகல் அதிகம்?” என்று கேட்டால் காரைச் சுட்டும் மாணவர் தவறாகக் கணித்துவிடவில்லை, கணிக்காமலே விடை சொல்லியிருக்கிறார்.

அலகைப் பற்றியும் இங்கேயே சொல்லவேண்டும். ஆர்முடுகலின் அலகில் செக்கன் ஏன் இரண்டு தடவை வருகிறது என்று யோசிக்காமல், அதை எழுத்துப்பிழை போலக் கருதி ஒன்றை விட்டுவிடுவோர் உண்டு. முதற் செக்கன் வேகத்துக்கு உரியது. இரண்டாவது, அந்த வேகம் மாற எடுத்த நேரத்துக்கு உரியது. மணிக்குக் கிலோமீற்றரில் தந்த வேகத்தை மாற்றாமல் அப்படியே செக்கனால் வகுப்பதும் இதே கவனக்குறைவின் மற்றொரு வடிவம்.

ஏற்றத்தில் நின்று பின்வாங்கும் லொறி

தவறுகள் மிகச் செறிந்து கிடப்பது இந்த ஓர் உதாரணத்தில். ஆகையால் இதை ஆறுதலாகப் பார்ப்போம். கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று நேரான ஏற்றத்தில் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கையில் கியர் விடுபட்டுவிடுகிறது என்றும், சாரதி சிறிது நேரம் பிரேக்கைத் தொடவில்லை என்றும் கொள்வோம். பாதையின் வழியே 10 மீற்றர் சென்றால் 1 மீற்றர் உயரும் சரிவு அது. புவியீர்ப்பு ஆர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் என எடுத்து உராய்வையும் வளித்தடையையும் புறக்கணித்தால், சரிவின் வழியே கீழ்நோக்கி அதன் பத்தில் ஒரு பங்கு, அதாவது செக்கனுக்குச் செக்கன் 1 மீற்றர் ஆர்முடுகல் லொறிக்கு இருக்கும். மேல்நோக்கிய திசையை நேராகக் கொண்டால் ஆர்முடுகல் −1. லொறியின் வேகம் 6, 5, 4 என்று குறைந்து ஆறாவது செக்கனின் முடிவில் பூச்சியமாகி, பின்னர் −1, −2 என்று தொடர்கிறது.

ஆறாவது செக்கனின் முடிவில் ஆர்முடுகல் எவ்வளவு? “லொறி நின்றுவிட்டது, ஆகவே பூச்சியம்” என்பதே அதிகம் கிடைக்கும் விடை. வேகம் பூச்சியம் என்பது சரி. ஆர்முடுகல் அப்போதும் −1தான். அந்தக் கணத்தில் ஆர்முடுகலும் பூச்சியமாகி அப்படியே நீடித்திருந்தால், பூச்சிய வேகம் மாறுவதற்குக் காரணமே இல்லாமற்போய், லொறி பிரேக் இல்லாமலே ஏற்றத்தில் நின்றுகொண்டிருக்கும். மலையகத்தில் பஸ் ஏறிப் பழகிய எவரும் அப்படி ஒரு வாகனத்தைக் கண்டிருக்கமாட்டார். செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சத்தை அடையும் கணத்துக்கும் இதே நியாயம் பொருந்தும்.

அடுத்தது சைகை பற்றிய தவறு. ஆர்முடுகலுக்கு மறைச் சைகை இருந்தால் உடனே “அமர்முடுகல், ஆகவே வாகனம் மெதுவாகிறது” என்று எழுதிவிடுகிறார்கள். முதல் ஆறு செக்கன்களுக்கு அது சரி. ஏழாவது, எட்டாவது செக்கன்களிலும் ஆர்முடுகல் அதே −1தான், ஆனால் லொறி பின்னோக்கி விரைவு கூடிக்கொண்டே போகிறது. எட்டாவது செக்கனின் முடிவில் அதன் கதி செக்கனுக்கு 2 மீற்றர். மறைச் சைகை, நாம் தெரிவுசெய்த நேர்த்திசைக்கு எதிர்த்திசையைக் காட்டுவதைத் தவிர வேறொன்றையும் சொல்வதில்லை. வேகத்தின் சைகையும் ஆர்முடுகலின் சைகையும் ஒன்றாக இருந்தால் கதி கூடும். எதிராக இருந்தால் குறையும். கீழ்நோக்கிய திசையை நேராகத் தெரிவுசெய்திருந்தால் ஆர்முடுகல் +1 ஆகியிருக்கும், லொறியின் ஓட்டத்தில் எதுவும் மாறியிராது. கணக்கைத் தொடங்குமுன் ஓர் அம்புக்குறி வரைந்து “இதுவே நேர்” என்று குறித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு வேண்டியது இரண்டு செக்கன்தான். நான் பார்த்தவரையில் மற்ற எந்தப் பயிற்சியையும்விட இதுவே அதிக புள்ளிகளைக் காப்பாற்றுகிறது.

இதே லொறி தூரத்தையும் இடப்பெயர்ச்சியையும் பிரித்துக் காட்டும். முதல் ஆறு செக்கன்களில் சராசரியாகச் செக்கனுக்கு 3 மீற்றர் வீதம் மேலே 18 மீற்றர் சென்று, அடுத்த இரண்டில் சராசரியாக 1 மீற்றர் வீதம் கீழே 2 மீற்றர் வந்திருப்பதால் தூரம் 20 மீற்றர், இடப்பெயர்ச்சி மேல்நோக்கி 16 மீற்றர். 8 செக்கன்களுக்கான சராசரிக் கதி செக்கனுக்கு 2.5 மீற்றர், சராசரி வேகம் மேல்நோக்கிச் செக்கனுக்கு 2 மீற்றர். சீரான ஆர்முடுகலுக்குரிய s = ut + ½at² என்ற சமன்பாட்டில் தொடக்க வேகம் (u) 6ஐயும் ஆர்முடுகல் (a) −1ஐயும் நேரம் (t) 8ஐயும் இட்டால் 16 கிடைக்குமேயன்றி 20 கிடைக்காது. அச்சமன்பாடு தருவது இடப்பெயர்ச்சி என்பதை மறந்து, “தூரம் 16 மீற்றர்” என்று முடித்துவிடுவதால் கணித்தல் பிழையின்றியே விடை பிழையாகிறது.

வரைபு பாதையின் படம் ஆகாது

அந்த லொறியின் வேக-நேர வரைபை வரைந்தால், 6இல் தொடங்கி ஒரே சரிவில் இறங்கி, ஆறாவது செக்கனில் நேர அச்சை வெட்டி, எட்டாவது செக்கனில் −2இல் முடியும் ஒரு நேர்கோடு கிடைக்கும். மலைச்சாரலில் வளர்ந்த பிள்ளை இந்த இறங்குகோட்டைப் பார்த்து “வாகனம் இறக்கத்தில் போகிறது” என்று சொல்வது இயல்புதான். ஆனால் கோட்டின் முதல் முக்காற் பகுதியில் வாகனம் ஏறிக்கொண்டிருக்கிறது. வேக-நேர வரைபில் படித்திறன், அதாவது கோட்டின் சரிவு, ஆர்முடுகலைத் தருகிறது, அச்சுடன் அடைக்கும் பரப்பளவு இடப்பெயர்ச்சியைத் தருகிறது. அச்சுக்கு மேலுள்ள முக்கோணியின் பரப்பளவு 18, கீழுள்ளது 2. கழித்தால் இடப்பெயர்ச்சி, கூட்டினால் தூரம். அச்சை வெட்டும் இடத்தில் கோடு முறியவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும்: படித்திறன் அங்கும் −1 என்பதால், வேகம் பூச்சியமான கணத்திலும் ஆர்முடுகல் மறையவில்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. இடப்பெயர்ச்சி-நேர வரைபில் படித்திறன் வேகத்தைத் தரும். எந்த வரைபு என்று பார்க்காமல் படித்திறன் எடுக்கத் தொடங்குவது மிகப் பரவலான அவசரம். அச்சுகளின் பெயரை முதலில் வாசித்தால் அது நின்றுவிடும்.

வளைவில் மாறாக் கதி

இறம்பொடைப் பக்கத்துக் கொண்டைஊசி வளைவு ஒன்றில், பஸ் மணிக்கு 18 கிலோமீற்றர் என்ற மாறாக் கதியுடன் திரும்புவதாகக் கொள்வோம். கிழக்கு நோக்கிச் செக்கனுக்கு 5 மீற்றருடன் நுழைந்த பஸ், மேற்கு நோக்கிச் செக்கனுக்கு 5 மீற்றருடன் வெளியேறுகிறது. வேகமானியின் முள் அசையவே இல்லை. ஆனால் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் மேற்கு நோக்கிச் செக்கனுக்கு 10 மீற்றர். இதைப் பூச்சியம் என்று எழுதுபவர் கதியைக் கழித்திருக்கிறார், வேகத்தைக் கழிக்கவில்லை.

வளைவின் ஆரை 12.5 மீற்றராக இருந்தால், கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்துப் பெறும் ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர். அது எக்கணமும் வளைவின் மையத்தை நோக்கியிருக்கும். கதியை இரட்டித்தால் ஆர்முடுகல் நான்கு மடங்காகி 8ஐ எட்டும். பக்கச் சாய்வு இல்லாத பாதையில் அதைத் தரவேண்டியது டயருக்கும் பாதைக்கும் இடையிலான உராய்வு; மழையில் நனைந்த தார்ப்பாதையில் அவ்வளவு உராய்வு கிடைக்காது. புகையிரதப் பாதையின் வளைவுகளில் வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி இடுவதும் மையம் நோக்கிய இந்த ஆர்முடுகலுக்காகவே. பஸ்ஸில் நிற்பவர் வெளிப்பக்கம் சாய்வதைக் கண்டு, பஸ்ஸின் ஆர்முடுகலும் வெளிநோக்கியது என்று எழுதுவோர் உண்டு. உண்மையில் பயணியின் உடல் நேரே செல்ல முனைகையில், பஸ் அவருக்குக் கீழே உட்பக்கம் திரும்புகிறது.

தெமோதரையில் புகையிரதப் பாதை குன்றைச் சுற்றிவந்து, நிலையத்துக்குக் கீழேயுள்ள சுரங்கத்தின் வழியாகச் செல்கிறது. நிலையத்திலிருந்து அந்தச் சுரங்கம்வரை புகையிரதம் கடந்த தூரம் கணிசமானது. இடப்பெயர்ச்சியோ பெரும்பாலும் நிலைக்குத்தான ஒரு சிறு இறக்கம் மட்டுமே. தூரத்தை நேரத்தால் வகுத்து “சராசரி வேகம்” என்று பெயரிடுவது எவ்வளவு பெரிய பிழையாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல இடம் நாட்டில் கிடைப்பது அரிது. சராசரியில் இன்னொரு பொறியும் உண்டு: 20 கிலோமீற்றரை மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏறி, அதே பாதையை மணிக்கு 40இல் இறங்கினால் சராசரிக் கதி 30 ஆகாது. 40 கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம் சென்றிருப்பதால், விடை மணிக்கு ஏறத்தாழ 26.7 கிலோமீற்றர். சராசரி வேகம் பூச்சியம்.

விழும் பொருள்

கலிலியோ காலத்தில் விழும் பொருளின் நேரத்தை அளக்கத்தக்க நுட்பமான கடிகாரம் இல்லை. ஆகவே அவர் சரிவில் பந்துகளை உருட்டி, வழியும் நீரை நிறுத்து நேரத்தை அளந்தார். ஓய்விலிருந்து தொடங்கும் பொருள் அடுத்தடுத்த சம நேரங்களிற் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமையும் என்ற அவருடைய முடிவு 1638இல் அச்சில் வெளிவந்தது. நம் லொறியை அதே சரிவில் ஓய்விலிருந்து விட்டாலும் முதல் நான்கு செக்கன்களில் 0.5, 1.5, 2.5, 3.5 மீற்றர் என்று அதே விகிதம் வரும்.

இதை அறிந்தவர், “ஆர்முடுகல் 10, ஆகவே முதற் செக்கனில் 10 மீற்றர் விழும்” என்று எழுதமாட்டார். முதற் செக்கனின் முடிவில் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர்; தொடக்கத்தில் அது பூச்சியம்; சராசரி 5 என்பதால் விழுந்த தூரம் 5 மீற்றர். தலவாக்கலைக்கு அருகிலுள்ள சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் உயரமாகச் சொல்லப்படும் 80 மீற்றரிலிருந்து ஒரு கல் தடையின்றி விழுவதாகக் கொண்டால், 4 செக்கன்களில் செக்கனுக்கு 40 மீற்றர் வேகத்தைப் பெறும். இறுதி வேகத்தை நேரத்தாற் பெருக்கி 160 மீற்றர் என்பவர், தொடக்க வேகம் பூச்சியம் என்பதை மறந்துவிட்டார். (அங்கு நீர் பாறைகளில் பட்டுப்பட்டு இறங்குவதால், நீருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.) விழும்போது ஆர்முடுகலும் கூடிக்கொண்டே போகிறது என்பது மற்றொரு பிழை, கூடுவது வேகம் மட்டும்.

பாரமான பொருள் விரைவாக விழும் என்ற எண்ணத்துக்குக் காரணம் வளித்தடை. 1971இல் அப்பலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொட், வளிமண்டலமற்ற சந்திரனில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டபோது இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. உயரத்தில் இருப்பதால் நுவரெலியாவில் புவியீர்ப்பு ஆர்முடுகல் குறைவாக இருக்காதா என்றும் சில மாணவர் கேட்பதுண்டு. கேள்வி நல்லது, குறையத்தான் செய்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அக்குறைவு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் உட்பட்டதாகையால், 9.8ஐ 10 என்று எடுத்துச் செய்யும் கணக்கில் அது தென்படவே மாட்டாது.