கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் தேடுவது எப்படி? (எக்லேசியாவில் நான் மாட்டிய கதையோடு)

"மூலபாஷையில் இந்தச் சொல்லுக்கு..." என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு இப்போது ஒரு நடுக்கம். நானும் அப்படி ஆரம்பித்து மாட்டிக்கொண்டவன். புதிய ஏற்பாட்டின் மூலபாஷையான கிரேக்கத்தைப் படிக்காதவர்கள் அதில் ஒரு சொல்லைத் தேட நான் பின்பற்றும் வழி இது.

முதலில் வசனம். மத்தேயு 16:18, "என் சபையைக் கட்டுவேன்" என்று வைத்துக்கொள்வோம். ப்ளூ லெட்டர் பைபிள் தளத்தில் கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தை எடுத்து, இன்டர்லீனியருக்கு (மூலச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் பகுதி) போங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 'ஜி' போட்ட ஓர் எண் இருக்கும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல் வெளியிட்ட கன்கார்டன்ஸின் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அட்டவணை நூல்) எண்கள் அவை. சபைக்கு ஜி1577, எக்லேசியா. (ஸ்டெப் பைபிள் என்ற தளமும் இலவசம்தான், பார்க்க அதுதான் சுத்தமாக இருக்கும். ஆனால் அடுத்த வேலைக்கு எனக்கு ப்ளூ லெட்டர்தான் கைக்கு வருகிறது.)

எண்ணை அழுத்தினால் சொல்லின் பிறப்பு வரும்: 'எக்' என்றால் வெளியே, 'கலேயோ' என்றால் அழை. இங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். நான் நிறுத்தினேன். வாலிபர் கூடுகையில் சொல்லை இரண்டு துண்டாகப் பலகையில் எழுதி, "சபை என்றால் உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்கள்" என்று விளாசினேன். ஜெபம் முடிந்ததும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். "தம்பி, அப்போஸ்தலர் 19:32-ல வர்ற கூட்டமும் இதே சொல்தானே? அவங்களை யார் அழைச்சா?"

வீட்டுக்கு வந்து பார்த்தேன். எபேசுவில் தெமேத்திரியு என்ற தட்டான் கிளப்பிவிட்ட கலகம். எதற்குக் கூடினோம் என்றே பெரும்பாலானோருக்குத் தெரியாமல் தியானாள் என்ற தேவியின் பெயரைச் சொல்லி இரண்டு மணி நேரம் கத்திய கும்பல். அதுவும் எக்லேசியாதான்!

எண்ணெய் என்ற சொல் எள்ளும் நெய்யும் சேர்ந்து வந்தது. அதற்காகத் தேங்காய் எண்ணெயில் எள்ளைத் தேடுவோமா?

ஆகவே பக்கத்தைக் கீழே இறக்குங்கள். கிங் ஜேம்ஸில் இந்தச் சொல் எப்படியெல்லாம் மொழிபெயர்க்கப்பட்டது என்ற கணக்கு இருக்கும்: 115 இடத்தில் 'சர்ச்', 3 இடத்தில் 'அசெம்ப்ளி'. அந்த மூன்றும் அப்போஸ்தலர் 19-ல்தான். எண்ணிக்கை குறைவாக உள்ளதை முதலில் திறந்து படியுங்கள். நம் விளக்கம் உடைவதானால் அங்கேதான் உடையும்.

அப்புறம், புதிய ஏற்பாட்டுக்கு வெளியே ஒரு பார்வை. ஏதென்ஸில் குடிமக்கள் கூடி ஓட்டுப்போட்ட மன்றத்துக்கு இதே பெயர். செப்துவஜிந்த் என்ற, பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், இஸ்ரவேலர் கூடிவருவதைச் சொல்லும் 'காஹால்' என்ற எபிரெயச் சொல்லுக்குப் பல இடங்களில் எக்லேசியாவைத்தான் போட்டார்கள். கூடிவந்த மக்கள் என்பதே பொருள். யாருடைய கூட்டம் என்பதை வசனம் சொல்லும்.

பின்சேர்க்கை: "அகாபே என்றால் தெய்வீக அன்பு மட்டும்தானே?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். 2 தீமோத்தேயு 4:10-ல் பவுலோடு இருந்த தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து ஓடிப்போகிறானே, அந்த ஆசையும் அகாபேயின் வினைச்சொல்தான், ஜி25.

இன்னொருவருக்கு வேறு குழப்பம்: ஸ்ட்ராங்கின் கன்கார்டன்ஸோடு வரும் அகராதியில், கடைசியில் இருப்பவை எல்லாம் அர்த்தங்கள்தானா என்று. ஸ்ட்ராங் அகராதியில் ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் ஒரு கோடு போட்டு வரும் வார்த்தைகள் அர்த்தங்கள் அல்ல, கிங் ஜேம்ஸ்காரர்கள் அந்தச் சொல்லுக்குப் பயன்படுத்திய ஆங்கிலச் சொற்கள். அதில் பிடித்ததைப் பொறுக்கி உங்கள் வசனத்தில் ஒட்டாதீர்கள்.