கொரிய பார்பிக்யூவுக்குத் தொட்டுக்கொள்ள: ஒரு செக்குக் கடைக்காரியின் குறிப்புகள்

கொரிய பார்பிக்யூ வீட்டில் செய்கிறோம் என்றால் எல்லாரும் கறியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தக் கறி, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், கரி அடுப்பா, கேஸ் அடுப்பா? ஆனால் கொரியாவில் பெரும்பாலானவர்கள் சுட்டுச் சாப்பிடும் சம்கியொப்சால், அதாவது பன்றியின் வயிற்றுக் கறி, மசாலாவே படாதது. ஊறவைப்பதும் கிடையாது. உப்பு, உறைப்பு, புளிப்பு, வாசனை எல்லாம் தொட்டுக்கொள்வதில்தான் இருக்கிறது. பக்கத்து ஆம்பூரில் கத்திரிக்காய் தொட்டுக்கை இல்லாவிட்டாலும் பிரியாணி பிரியாணிதான். இது அப்படியில்லை. கிண்ணங்கள் சரியில்லை என்றால் மேசையில் இருப்பது வெறும் சுட்ட கறி.

எங்களுக்குக் குடியாத்தத்தில் செக்கு எண்ணெய்க் கடை. மகள் கொரியத் தொடர் பைத்தியம். அண்ணன் மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரிய கம்பெனியில் வேலை பார்க்கிறான். இந்த இரண்டு பேர் புண்ணியத்தில் மொட்டை மாடியில் சுடுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் கோழியும் ஆடும்தான். உங்கள் வீட்டில் மாடு, பன்றி உண்டென்றால் இன்னும் நல்லது; கிண்ணங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டியவை இரண்டு: கோச்சுஜாங், டோயன்ஜாங். சென்னையில் கொரிய மளிகைக் கடைகளில் கிடைக்கும், ஆன்லைனிலும் வரும். கோச்சுஜாங் என்பது மிளகாய்த் தூள், பசையரிசி, புளிக்கவைத்த சோயாப் பொடி, உப்பு சேர்த்துப் பல மாதம் வைத்து எடுக்கிற சிவப்பு விழுது. டோயன்ஜாங் பழுப்பு நிறம். சோயாவை வேகவைத்து இடித்துக் கட்டியாக்கி, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். வடிகிற தண்ணீர்தான் அவர்களுடைய சோயா சாஸ், நிற்கிற சக்கை டோயன்ஜாங். எண்ணெயும் பிண்ணாக்கும் பிரித்துப் பிழைக்கிற எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்தது. நாங்கள் மாட்டுக்குப் போடுவதை அவர்கள் மேசையில் வைக்கிறார்கள். இந்த ஜாங் செய்முறையை 2024இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்த இரண்டுக்கும் நம் சமையலறையில் மாற்று கிடையாது. தக்காளி சாஸில் மிளகாய்த் தூள் கலந்து அதைக் கோச்சுஜாங் என்று சொல்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். காரமும் இனிப்பும் வந்துவிடும், புளித்த ஆழம் வராது.

இனி எண்ணெய். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், மன்னிக்கவும்.

கொரியர்கள் எள்ளை நன்றாக வறுத்துவிட்டுப் பிழிகிறார்கள். நாம் வறுப்பதில்லை. வெயிலில் காயவைத்த எள்ளைச் செக்கில் போட்டு, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து ஆட்டுகிறோம்; அப்போதுதான் பிண்ணாக்கு சேர்ந்து எண்ணெய் பிரியும். அதனால் நம் நல்லெண்ணெயின் வாசம் மென்மையானது, கடைசியில் லேசாக இனிக்கும். அவர்களுடைய எண்ணெய் அடர் பழுப்பு. மூடியைத் திறந்தாலே வறுத்த எள் வாசனை மூக்கில் ஏறும். என் கடைச் சரக்கை நானே குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்: இட்லிப் பொடிக்கு நம்முடையது, இதற்கு அது. புட்டியில் வறுத்த எள் எண்ணெய் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து, சின்னப் புட்டியாக வாங்குங்கள். திறந்த பிறகு வாசனை சீக்கிரம் போய்விடும். இதில் எதையும் பொரிக்காதீர்கள். கடைசியில் ஊற்றுவதற்கு மட்டும்தான்.

கிடைக்கவில்லையா? இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைச் சிறு தீயில் வறுங்கள். படபடவென்று பொரிந்து பொன்னிறம் வந்ததும் உடனே வேறு தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் கசக்கும். கொரகொரப்பாகப் பொடித்து, லேசாகச் சூடாக்கிய 100 மில்லி நல்லெண்ணெயில் போட்டு, அரை நாள் மூடி வைத்து, துணியில் வடிகட்டுங்கள். அசல் இல்லை, ஆனால் தைரியமாக மேசையில் வைக்கலாம்.

இந்த எண்ணெயை வைத்துச் செய்கிற முதல் கிண்ணம் கிரும்ஜாங். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை மிளகுத் தூள். அவ்வளவுதான். எண்ணெயில் உப்பு கரையாது, அடியில் தங்கும். அதனால் கறித்துண்டை மேலாக முக்காமல் அடிவரை தோய்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். மசாலா தடவாத கறிக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பது என் கட்சி. மகளுடைய கட்சி சம்ஜாங்.

சம்ஜாங், சுட்ட கறியை லெட்டூஸ் மாதிரி பச்சை இலையில் மடித்துச் சாப்பிடும்போது உள்ளே வைப்பதற்கு. மூன்று மேசைக்கரண்டி டோயன்ஜாங், ஒரு மேசைக்கரண்டி கோச்சுஜாங், நசுக்கிய பூண்டு இரண்டு பல், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒன்று, வறுத்த எள் ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, தேன் ஒரு தேக்கரண்டி. கலந்தால் முடிந்தது, அடுப்பே வேண்டாம். உப்பு சேர்க்காதீர்கள், டோயன்ஜாங்கில் இருக்கிற உப்பே தாராளம். இலையில் சுண்டைக்காய் அளவு வைத்தால் போதும். நம் ஆட்கள் சட்னி மாதிரி அள்ளி வைத்துக்கொண்டு உப்புக் கரிக்கிறது என்பார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இலைக்கு லெட்டூஸ் வேலூரில் பெரிய கடைகளில் கிடைக்கிறது. எங்கள் ஊரில் கிடைக்காத நாளில் முட்டைக்கோஸ் இலைகளைக் கழற்றி ஐந்தாறு நிமிடம் ஆவியில் வேகவைப்பேன். கொரியர்களும் முட்டைக்கோஸில் மடித்துச் சாப்பிடுவதுண்டு, அதனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். அவர்கள் வைக்கிற பெரில்லா என்ற வாசனை இலைக்குப் பதிலாக வெற்றிலை சரியாக இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வெற்றிலையின் காரம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

கறியின் கொழுப்பை அறுக்கப் புளிப்பும் பச்சையும் வேண்டும். அதற்குப் பாஜொரி. வெங்காயத்தாளை விரல் நீளத்துக்கு வெட்டி, நூல் நூலாகக் கீறி, ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் காரம் இறங்கிச் சுருண்டுகொள்ளும். நன்றாக வடித்துவிட்டு, சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும்: ஒரு கட்டுக்கு சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை, மிளகாய்த் தூள், எள் எண்ணெய் ஒவ்வொரு தேக்கரண்டி. முன்னாலேயே கலந்து வைத்தால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும்.

மிளகாய்த் தூள் என்றேனே, அவர்களுடைய கோச்சுகாரு விதை நீக்கிக் கொரகொரப்பாக அரைத்தது. நிறம் அதிகம், காரம் குறைவு. "அத்தை, நம்ம குழம்பு மிளகாய்த் தூளப் போட்டுடாதீங்க" என்று அண்ணன் மகன் போனில் எச்சரித்தான். காஷ்மீர் மிளகாயை விதை எடுத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் சரியாக வரும். வெயிலுக்கு நம் ஜில்லாவில் என்ன பஞ்சம்!

சோயா சாஸிலும் கவனம். ஃப்ரைட் ரைஸ் வண்டிகளில் ஊற்றுகிற கெட்டியான கறுப்புச் சாஸ் வேண்டாம், எல்லாவற்றையும் கரியாக்கிவிடும். மெல்லிசான லைட் சோயா வாங்குங்கள். அதில் மூன்று மேசைக்கரண்டியோடு வினிகர் இரண்டு, சர்க்கரை இரண்டு, தண்ணீர் நான்கு மேசைக்கரண்டி கலந்து, மெல்லிசாக அரிந்த பெரிய வெங்காயத்தைப் போட்டு அரை மணி வைத்தால் இன்னொரு கிண்ணம் தயார். கொரியாவில் இதில் கொஞ்சம் கடுகு விழுதும் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்கு இதுதான் முதலில் காலியாகும்.

முள்ளங்கிக்கு முந்தின நாளே வேலை. பருத்த முள்ளங்கியாகப் பார்த்து, வட்ட வட்டமாக அப்பளம் போல் மெல்லிசாகச் சீவி, வினிகர், சர்க்கரை, தண்ணீர் மூன்றும் சம அளவு எடுத்து உப்புப் போட்டுக் கரைத்ததில் ஊறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அதையே இலை மாதிரி மடித்துச் சாப்பிடலாம். கிம்ச்சி, அதாவது காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், கடையில் வாங்கினதே போதும். கறி சுட்ட கொழுப்பிலேயே அதையும் ஒரு புரட்டு புரட்டினால் நன்றாக இருக்கும்.

கோழிக்கு மட்டும் ஒரு வார்த்தை. தோல் நீக்கிய கோழி சப்பென்று இருக்கும், அதனால் கோச்சுஜாங், சோயா, பூண்டு, சர்க்கரை தடவி ஒரு மணி நேரம் ஊறவைப்பேன். சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும், தீயைக் குறைத்துச் சுடுங்கள். அப்படித் தடவிய கோழிக்குக் கிரும்ஜாங் தேவையில்லை. முள்ளங்கியும் பாஜொரியும் போதும்.

மீந்த சம்ஜாங்கில் பச்சைப் பூண்டு இருப்பதால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெள்ளரிப் பிஞ்சை நீளமாக வெட்டித் தொட்டுச் சாப்பிட்டால் அதற்கு மேல் நிற்காது.