மார்ச் வெயிலை நம்பாதீர்கள்: இங்கிலாந்துத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய வசந்தகாலத் தவறுகள், கூடவே கொஞ்சம் கால்பந்து

இங்கிலாந்தில் மார்ச் கடைசியில் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்துவிடும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள், மாலை ஏழரை வரை வெளிச்சம் இருக்கும், கடை வாசல்களில் பூச்செடிகள் வரிசை கட்டி நிற்கும். குளிர்காலம் முழுக்க ஆளே எட்டிப் பார்க்காத அலாட்மென்டில் திடீரென்று கூட்டம் கூடிவிடும். ஒரு வருடத்துத் தோட்ட வேலையைக் கெடுக்கும் அவசரங்களில் பெரும்பாலானவை இந்த நாட்களில்தான் நடக்கின்றன.

அலாட்மென்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி போட்டுக்கொள்ள உள்ளூர் கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் துண்டு நிலம் அது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கவுன்சில்களின் கடமையாகவே ஆக்கியது. முழு அளவு நிலம் சுமார் 250 சதுர மீட்டர். லண்டனில் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்போது இதில் வெந்தயக்கீரையும் மிளகாயும் போடுகின்றன.

அப்புறம் கால்பந்து. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. மூன்று மணி ஆட்டத்தை மைதானத்தில் பார்க்கலாம், இல்லாவிட்டால் ரேடியோவில் கேட்கலாம். அதனால் அலாட்மென்டில் சனிக்கிழமை மதியம் ஏதாவது ஒரு கொட்டகையில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். எங்கள் கொட்டகைக் கதவில் வாராவாரம் ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். அந்த வார ஆட்டங்களுக்கு அவரவர் கணிக்கும் கோல் கணக்கு ஒரு பக்கம், "கடைசி உறைபனி எந்தத் தேதி?" என்பது மறுபக்கம். இரண்டிலும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் சறுக்குகிறார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே தெரியும். கையில் இருக்கும் நாலு நல்ல நாளை வைத்து மே மாதம் வரை முடிவு கட்டிவிடுகிறார்கள்.

முதல் தவறும் பெரிய தவறும் அதுதான். தென் இங்கிலாந்தில் கடைசி உறைபனி ஏப்ரல் கடைசிக்கும் மே நடுவுக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் விழலாம். வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் மே முடியும் வரை, சில இடங்களில் ஜூன் தொடக்கம் வரைகூடப் பயம் உண்டு. 2017 ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்த உறைபனி தென் இங்கிலாந்தின் திராட்சைத் தோட்டங்களில் இளந்தளிரைக் கருக்கிவிட்டுப் போனது. திராட்சை வளர்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி.

வானிலை அறிக்கையைப் படிப்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. "இன்று இரவு 3 டிகிரிதானே, பூஜ்யத்துக்குப் போகவில்லையே" என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். அந்த 3 டிகிரி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்துக் காற்றின் வெப்பநிலை. மேகமில்லாமல், காற்றில்லாமல் இருக்கும் இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். உங்கள் நாற்று நிற்பதோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். ஆகவே அறிக்கை 4 டிகிரி என்றாலும், வானம் பளிச்சென்று இருந்தால் மாலையிலேயே செடிகளை மூடும் மெல்லிய ஃப்ளீஸ் துணியைப் போர்த்திவிடுங்கள். காலையில் எடுத்துவிடலாம்.

கால்பந்துக்காரர்களுக்கு இது புரியாமல் இருக்கக் கூடாது. 1996 ஜனவரியில் பிரீமியர் லீகில் நியூகாசில் அணி 12 புள்ளி முன்னிலையில் இருந்தது. கோப்பை மான்செஸ்டர் யுனைடெடுக்குப் போனது. 2012இல் ஆறு ஆட்டம் மிச்சமிருக்கையில் அதே யுனைடெட் 8 புள்ளி முன்னால் இருந்தது. மே 13ஆம் தேதி கடைசி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் அகுவேரோ அடித்த கோல் பட்டத்தை மான்செஸ்டர் சிட்டிக்குக் கொடுத்துவிட்டது. ஏப்ரலில் எழுதிய தீர்ப்பு மே நடுவில் கிழிந்து போவது இங்கே புதிதல்ல.

அடுத்தது ஜன்னலோர நாற்று. தக்காளி விதையைப் பிப்ரவரி தொடக்கத்திலேயே போட்டுவிட்டு, முளைத்ததும் பூரித்துப் போகிறோம். முளைக்கச் சூடு போதும். வளர வெளிச்சம் வேண்டும். பிப்ரவரி நடுவில் லண்டனில் பகல் பத்து மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம். வீட்டுக்குள் ஹீட்டர் சூடு, ஜன்னலில் மங்கல் வெளிச்சம் என்றால் நாற்று வெளுத்து, ஒல்லியாக, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நீண்டுகொண்டே போகும். மின்விளக்கு போட வசதியில்லாதவர்கள் தக்காளியை மார்ச் நடுவில் விதைத்தால் போதும். பிந்தி முளைத்தது, முந்தி முளைத்து நோஞ்சானாகிப் போனதை ஏப்ரலில் எட்டிப் பிடித்துவிடும். மிளகாய்க்கு மட்டும் விதிவிலக்கு. அது மெதுவாக வளரும் செடி, காய்க்க நீண்ட காலம் வேண்டும். பிப்ரவரியில் சூடான இடத்தில் போடுவதுதான் சரி.

அப்படி வளர்த்த நாற்றை ஒரு நல்ல நாளில் நேராக மண்ணில் கொண்டுபோய் நடுவதும் கூடாது. ஜன்னலுக்குள் வளர்ந்த இலைக்குக் காற்றும் தெரியாது, நேர் வெயிலும் தெரியாது. வெளியே வைத்த அன்றே இலை வெள்ளைத் திட்டாகக் காய்ந்துவிடும். பத்து நாள், இரண்டு வாரம் பழக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் நிழலில், காற்று அடிக்காத சுவரோரமாகச் சில மணி நேரம் மட்டும். பிறகு காலை வெயில், பிறகு முழுப் பகல். கடைசி சில நாள்தான் இரவிலும் வெளியே. தண்டைத் தொட்டால் விறைப்பாகவும், இலை கொஞ்சம் தடித்துக் கரும்பச்சையாகவும் இருந்தால் தயார்.

உருளைக்கிழங்கைப் புனித வெள்ளியன்று நட வேண்டும் என்பது இந்த ஊர்ப் பழைய வழக்கம். வழக்கம் அழகுதான், ஆனால் ஈஸ்டர் மார்ச் 22இலும் வரலாம், ஏப்ரல் 25இலும் வரலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஊசலாடும் நாளை மண் எப்படிப் பின்பற்றும்? முன்பருவ ரகத்தை மார்ச் கடைசியிலும், பிரதான ரகத்தை ஏப்ரல் நடுவுக்கு மேலும் நடுவது பொதுக் கணக்கு. மண் சில்லென்றும் சொதசொதவென்றும் இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம்.

நடும் முன் விதைக் கிழங்கை முளைவிட வைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கிழங்கை உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும். அந்த முனை மேலே வரும்படி முட்டை அட்டையில் அடுக்கி, உறைபனி படாத, குளிர்ச்சியான, வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். பலர் செய்யும் தவறு, அலமாரிக்குள் இருட்டில் வைப்பது. இருட்டில் முளை வெள்ளைப் புழு மாதிரி நீண்டு, கை பட்டாலே ஒடிந்துவிடும். வெளிச்சத்தில் வைத்தால் கட்டையாக, ஊதாவும் பச்சையும் கலந்து, இரண்டு சென்டிமீட்டரோடு நிற்கும். அப்படி முளை விட்டதைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், முன்பருவ ரகம் என்றால் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். தழை ஒரு சாண் வளர்ந்ததும் இரு பக்கமும் மண் அணைக்க வேண்டும். அணைக்காமல் விட்டால் கிழங்கு மேலே தெரிந்து பச்சையாகிவிடும், பச்சைக் கிழங்கு சாப்பிட ஆகாது. உறைபனியில் தழை கருகிவிட்டால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், கீழே இருந்து பெரும்பாலும் திரும்பத் துளிர்க்கும்.

லண்டனின் பெரும்பகுதி களிமண். அதனால் மழை விட்டதும் ஃபோர்க்கை எடுத்துக்கொண்டு கொத்தப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஈரக் களிமண்ணை மிதித்தால் அதற்குள் இருக்கும் காற்றுவழி அடைபட்டு, காய்ந்ததும் செங்கல்லாக இறுகிவிடும். பிறகு அந்த வருடம் முழுக்கத் தண்ணீர் இறங்காது, வேர் போகாது. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். பளபளவென்று அப்பிக்கொண்டால் வீட்டுக்குப் போய்விடலாம், ரேடியோ கேட்கலாம். அவசியம் பாத்திக்குள் இறங்க வேண்டும் என்றால் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுகொள்ளுங்கள். கொத்தாமலே மக்கு உரத்தை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிவிட்டு, மண்புழு அதை உள்ளே இழுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதுதான் களிமண்ணுக்கு நல்லது என்பது என் கட்சி.

கத்தரிக்கோல் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருண்டைப் பூக்கொத்து விடும் ஹைட்ரேஞ்சியாவை மார்ச்சில் அடியோடு வெட்டினால் அந்த வருடம் பூ இல்லை, ஏனென்றால் மொட்டு போன வருடக் கிளையில்தான் இருக்கிறது. காய்ந்த பூவை மட்டும் கீழே இருக்கும் முதல் கொழுத்த மொட்டு ஜோடி வரை வெட்டுங்கள். டாஃபோடில் பூ வாடியதும் இலையைச் சீவுவதும் முடிச்சுப் போடுவதும் வேண்டாம். அந்த இலைதான் அடுத்த வருடப் பூவுக்காகக் கிழங்குக்குச் சாப்பாடு போடுகிறது, ஆறு வாரமாவது விட வேண்டும். புல்லை முதல் தடவை வெட்டும்போது பிளேடை உயர்த்தி வையுங்கள், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். வேலிச் செடியை மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வெட்டாமல் இருப்பது நல்லது. குருவி கூடு கட்டும் காலம் அது. பயன்பாட்டில் இருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

நத்தைக்குப் போடும் நீல உருண்டைகளில் மெட்டால்டிஹைடு கலந்தது 2022 ஏப்ரல் முதல் பிரிட்டனில் தோட்டங்களில் தடை செய்யப்பட்டிருக்கிறது. கொட்டகை மூலையில் பழைய டப்பா கிடந்தால் எடுத்துத் தூவிவிடாதீர்கள், கவுன்சிலின் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள். முள்ளெலிக்கும் பறவைக்கும் அது விஷம். ஃபெர்ரிக் பாஸ்பேட் கலந்த உருண்டை இப்போது கிடைக்கிறது. இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதும் நன்றாகவே வேலை செய்யும்.

நம் வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் பக்கத்தில் இலை உதிர்த்துக்கொண்டு நின்ற செடியைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அதனால் முதல் வெயிலைக் கண்டதும் "பாவம், கொஞ்சம் காற்று வாங்கட்டும்" என்று வெளியே தூக்கி வைக்கிறார்கள். அது நம் ஊர்ச் செடி. இரவில் 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், தொட்டி மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகத் தொடங்கும். ஜூன் பிறக்கட்டும். அதுவரை வெளிச்சமான ஜன்னல், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். புதுத் துளிர் கண்ணில் பட்ட பிறகு தொட்டி மாற்றுங்கள், உரம் வையுங்கள். பாகற்காய், புடலங்காய் கதையும் இதேதான். ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள் விதைத்து ஜூனில் கிரீன்ஹவுஸுக்குள் நட்டால் காய் பார்க்கலாம்.

சரி, கதவில் இருக்கும் தாளுக்கு வருவோம். கணிப்பில் நான் அதிகம் பார்க்கும் தவறு, யாருமே டிரா எழுதாதது. இங்கிலீஷ் லீக் ஆட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று டிராவில்தான் முடிகிறது. அடிக்கடி வரும் கணக்கு 1-1, 1-0, 2-1. ஆனால் தாளில் பார்த்தால் 4-0, 5-1 என்று அவரவர் ஆசை எழுதியிருக்கும். அடுத்தது சொந்த அணியைத் தோற்பதாக எழுத மனம் வராதது. வட லண்டனில் ஆர்சனல்காரரும் டாட்டன்ஹாம்காரரும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் இருந்தால் கேட்கவே வேண்டாம். "2016இல் கடைசி நாளில் நியூகாசிலிடம் 5-1" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அன்றைக்கு டாட்டன்ஹாம் மூன்றாமிடத்துக்கு இறங்கி, ஆர்சனல் இரண்டாமிடத்துக்கு ஏறியது. மற்றவர் விடுவாரா? "2023இல் சீசனின் பெரும்பகுதி முதலிடத்தில் நின்றுவிட்டுக் கோப்பையை யாரிடம் கொடுத்தீர்கள்?" என்பார். கேலி இப்படி அணியோடு நிற்கும் வரை எல்லோருக்கும் நல்ல பொழுது. புதிதாக வந்தவரின் பட்டுப்போன நாற்றைக் கேலி செய்வதுதான் தவறு. முதல் வருடம் யாராவது இரண்டு தடவை அப்படிச் சிரித்துவிட்டால் அவர் அடுத்த வருடம் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பந்தயத்தில் பணம் வைக்காதீர்கள். எங்களிடம் தோற்றவர் ஒரு கட்டு ருபார்ப் (புளிப்பான தண்டுக் காய்) தர வேண்டும், இல்லையென்றால் வென்றவர் விடுமுறைக்குப் போகும்போது அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வானிலையும் கணிப்பும் இந்த நாட்டில் ஒருமுறை நிஜமாகவே கை கோத்தன. 1963 குளிரில் மைதானங்கள் உறைந்து, எஃப்ஏ கோப்பையின் மூன்றாம் சுற்று மட்டும் முடிய 66 நாள் ஆனது. ஆட்டம் நடக்காமல், பூல்ஸ் என்ற ஆட்ட முடிவுக் கணிப்புப் பந்தயத்துக்குக் கூப்பன் வாங்கியவர்களுக்கு எப்படிப் பரிசு கொடுப்பது? டாம் ஃபின்னி போன்ற முன்னாள் வீரர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, நடக்காத ஆட்டங்களுக்கு முடிவு சொல்ல வைத்தார்கள். ஜனவரி 26இல் முதல் தடவை கூடிய அந்தக் குழுவின் தீர்ப்பே அதிகாரபூர்வ முடிவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. உறைபனிக்கு அப்படி ஒரு குழு இல்லை. மே நடுவு வரை நாம்தான் காத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்த்திசையில் ஒரு தவறு செய்பவர்களும் உண்டு. மே முடிந்துவிட்டது, ஒன்றும் போடவில்லை, இனி அடுத்த வருடம்தான் என்று பாத்தியைக் களைக்கு விட்டுவிடுவார்கள். ஜூன் நடுவில்கூட பிரெஞ்சு பீன்ஸையும் சுக்கினியையும் நேராக மண்ணில் விதைக்கலாம், மண் சூடாக இருப்பதால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். தண்டுக்கீரைக்கு அதுதான் சரியான நேரம். காரட், பீட்ரூட்டை ஜூலை தொடக்கம் வரை போடலாம். தக்காளிக்கு மட்டும் விதை வேண்டாம், கடையில் வளர்ந்த நாற்றாக வாங்கி நட்டுவிடுங்கள்.