120 போட்டிருக்கிறதே என்று 120 அடிக்காதீர்கள்: ரோடு பைக் டயர் காற்றில் நடக்கும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, சவாரி கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பு, எங்களோடு புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பம்பின் மேல் முழு உடம்பையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தான். முள் 110 பி.எஸ்.ஐ.யைத் (காற்றழுத்தத்தின் அளவு) தாண்டியது. முகம் சிவந்து, இன்னும் அடித்தான்.

"போதும் தம்பி" என்றேன்.

"இல்லண்ணா, டயர்லயே 120னு போட்டிருக்கு."

ஆள் 58 கிலோ இருந்தாலே அதிகம். டயரின் அகலம் 25 மில்லிமீட்டர். எனக்கு எரிச்சல் வந்தது, அவன் மேல் அல்ல. இதே பதிலை இதே உறுதியோடு நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வால்வின் சின்ன மூடியைத் திருகாமல் பம்பை மாட்டுவது, பாதியில் பம்ப் தலை கழன்று எல்லாக் காற்றும் போவது இதையெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு தடவை செய்தால் தானாகப் புரிந்துவிடும். தவறு என்றே தெரியாமல் வருடக்கணக்கில் செய்துகொண்டிருப்பவைதான் வம்பு.

டயரில் அச்சிட்ட எண்ணை அப்படியே அடிப்பது

டயர் ஓரத்தில் இருப்பது உச்ச வரம்பு. அதற்கு மேல் போகாதே என்பதுதான் அதன் பொருள். லிஃப்டில் '8 பேர்' என்று எழுதியிருப்பதால் எட்டுப் பேர் சேரும்வரை யாரும் வாசலில் காத்திருப்பதில்லை. டயர் விஷயத்தில் மட்டும் காத்திருக்கிறோம். டயர் செய்தவருக்கு உங்கள் எடை தெரியாது, நீங்கள் ஓட்டும் சாலையும் தெரியாது. அவர் எப்படி உங்களுக்கான அளவை அச்சடிக்க முடியும்?

என் கதையைச் சொல்கிறேன். அப்போது என் எடை 64 கிலோ. 23 டயர். இரண்டு வருடம் தினமும் 120 அடித்தேன். முப்பதாவது கிலோமீட்டரில் உள்ளங்கை மரத்துப்போகும், சுண்டுவிரல் இருப்பதே தெரியாது. ஜெல் வைத்த கையுறை வாங்கினேன். ஒரு வாரம் நன்றாக இருந்ததுபோல் தோன்றியது. அப்புறம் ஹேண்டில்பாரில் இரண்டு சுற்று டேப். பிறகு இடுப்பு வலிக்கிறது என்று சீட்டை மாற்றினேன். கடைசியில், அதிர்வை உறிஞ்சும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கார்பன் சீட்போஸ்ட். வால்வை அரை நொடி அழுத்தி 'புஸ்' என்று கொஞ்சம் காற்றை விட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினைக்கு ஒவ்வொரு மாதமும் எதையாவது வாங்கிக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பணத்தோடு முடிந்திருந்தால் சரி. மழை விட்ட ஒரு காலையில், வளைவில் முன்சக்கரம் வழுக்கி, தோள்பட்டை எலும்பில் விரிசல். ஆறு வாரம் கை தொட்டிலில். வளைவில் பொடிமணல் இருந்தது, என் வேகமும் கொஞ்சம் அதிகம்தான். பழி முழுவதையும் காற்றின் மேல் போட மாட்டேன். ஆனால் என் சைக்கிளை எடுத்து ஓரமாக நிறுத்திய மூத்தவர் டயரை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். 'டிங்' என்றது. "எவ்வளவு அடிச்சிருக்கே?" என்று கேட்டார். "120. டயர்லயே போட்டிருக்கு." அவர் ஒன்றும் சொல்லாமல் வால்வைத் திறந்துவிட்டார்.

இந்தத் தவறு இவ்வளவு காலம் பிழைத்திருக்கக் காரணம், கல்போன்ற டயர் வேகமாகப் போவதுபோல் *தோன்றும்* என்பதுதான். சாலையின் ஒவ்வொரு பரலும் கைக்கு வருகிறது, சைக்கிள் நடுங்குகிறது, மூளை அதை வேகம் என்று எடுத்துக்கொள்கிறது. நடப்பது வேறு. காற்று அளவாக இருந்தால் சிறு கல்லின் மேல் ஏறும்போது டயர் அந்த இடத்தில் மட்டும் குழிந்து, கல்லை விழுங்கிவிட்டுப் போகும். அளவுக்கு மீறி இருந்தால் டயர் குழியாது. சைக்கிளும் நீங்களும் சேர்ந்து ஒரு நூலளவு மேலே எழும்பி இறங்குகிறீர்கள். அப்படி எழும்புவதற்கான சக்தி உங்கள் கால் கொடுத்தது. அது கை, தொடை, முதுகுத் தசைகளின் அதிர்வில் சூடாகக் கரைந்து போகிறது.

வழவழப்பான இரும்பு உருளையில் டயரை ஓட்டிச் சோதித்தால், காற்று கூடக்கூட உருள் தடை குறைந்துகொண்டே வரும். அந்தச் சோதனை பொய்யில்லை. உருளையில் பள்ளமும் இல்லை, மேலே மனிதனும் இல்லை, அவ்வளவுதான். உண்மையான சாலையில் ஓர் எல்லைவரை தடை குறையும், அதைத் தாண்டினால் கிடுகிடுவென ஏறும். சாலை எவ்வளவு கரடோ அந்த எல்லை அவ்வளவு கீழே இருக்கும். 21, 23 டயரில் 8 பாருக்கு (சுமார் 116 பி.எஸ்.ஐ.) மேல் அடித்து ஓட்டிய தொழில்முறைப் பந்தய வீரர்கள் இன்று 28, 30 டயரில் அதைவிட வெகுவாகக் குறைத்து ஓட்டுவது சொகுசுக்காக அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை எடுத்ததே, தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கெட்டி டயரில் குலுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல்தான். அந்தக் காற்று டயரில் இன்னும் இன்னும் அடித்து நாம் அதைத் திரும்பக் கெட்டி டயராக்குகிறோம்.

நம்பிக்கை வரவில்லையா? வண்டி வராத சின்ன இறக்கம் ஒன்றைப் பிடியுங்கள். ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி குனிந்து, மிதிக்காமல் உருண்டு போங்கள். சைக்கிள் நிற்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். 110இல் மூன்று முறை, 85இல் மூன்று முறை. ஒட்டுப்போட்ட தார்ச்சாலையில் நான் செய்தபோது 85இன் கோடுகள் மூன்றும் தள்ளித்தான் விழுந்தன.

அப்போ எவ்வளவுதான் அடிப்பது? ட்யூப் போட்ட டயர், சுமாரான தார்ச்சாலை, 70 கிலோ ஆள் என்று வைத்துக்கொண்டால், பின் டயருக்கு நான் தொடங்கச் சொல்வது: 25 டயரில் 85, 28 டயரில் 72, 32 டயரில் 57 பி.எஸ்.ஐ. அளவில். பார் கணக்கில் பார்ப்பவர்கள் 14.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். எடை 5 கிலோ கூடினாலோ குறைந்தாலோ 4 பி.எஸ்.ஐ. ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். பை, இரண்டு தண்ணீர் பாட்டில், பூட்டு எல்லாம் எடைதான். அங்கிருந்து ஒவ்வொரு சவாரிக்கும் மூன்று, மூன்றாகக் குறைத்துப் பாருங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது டயர் பிதுங்குவதுபோல் இருந்தாலோ, வளைவில் பின்பக்கம் நெளிந்தாலோ, தேவையான அளவுக்குக் கீழே போய்விட்டீர்கள். மூன்று ஏற்றுங்கள். அதுதான் உங்கள் எண். சாலை ஈரமாக இருந்தால் அதிலிருந்து ஐந்து குறையுங்கள்.

முன்னும் பின்னும் ஒரே அளவு

ரோடு பைக்கில் உட்கார்ந்தால் எடையில் ஏறக்குறைய ஆறு பங்கு பின்சக்கரத்தில், நான்கு பங்கு முன்சக்கரத்தில் இறங்குகிறது. எனவே முன்னால் ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ. குறைவாக வையுங்கள். வளைவில் பிடியைத் தருவது முன் டயர், கைக்கு அதிர்வை அனுப்புவதும் அதுவே. என் தோள்பட்டைக்கு இது நன்றாகத் தெரியும்.

டயரை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாமல் இருப்பது

23இலிருந்து 28க்கு மாறிவிட்டு, "புது டயர் இன்னும் குலுக்குது" என்று சொல்பவர்களைக் கேட்டால், பழைய 100ஐயே அடித்திருப்பார்கள். ஒரே அழுத்தத்தில் அகலமான டயரின் உறை இன்னும் விறைப்பாக இழுபடும். 23இல் இருந்ததைவிட 28இல் அந்த இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அகலம் கூடினால் காற்று குறைய வேண்டும்.

அகலத்தையும் அளந்து பாருங்கள். அகல ரிம்மில் ஏற்றினால் 25 என்று போட்ட டயர் 27க்கு மேல் வருவது உண்டு. கணக்குக்கு எடுக்க வேண்டியது வெர்னியர் காட்டும் எண்.

கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது

80க்கும் 110க்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

குறைப்பது நல்லதாமே என்று குறைத்துக்கொண்டே போவது

இது புதுத் தவறு. இணையத்தில் படித்துவிட்டு 28 டயரில் 40 வைத்து வந்தார் ஒருவர், ட்யூப் போட்டு. முதல் பள்ளத்திலேயே பின் டயர் போனது. கழற்றினால் ட்யூபில் பாம்பு கடித்ததுபோல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியதன் அடையாளம் அது. இரட்டை ஓட்டையைப் பார்த்தால் முள்ளைத் தேடாதீர்கள், காற்றை ஏற்றுங்கள். ட்யூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றி ஓட்டும் ட்யூப்லெஸ்ஸில் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். அதிலும் ரொம்ப இறங்கினால் வளைவில் டயர் ஓரம் ரிம்மை விட்டு நழுவி, சீலண்ட்டோடு காற்றைத் துப்பிவிடும்.

ஹூக்லெஸ் ரிம்

டயர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம் இது. 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.தான் உச்சம். அதற்கு மேல் ஒரு சொட்டுக் காற்றும் கூடாது, டயரில் என்ன எழுதியிருந்தாலும்.

மீட்டருக்கு மீட்டர் தாவுவது

இரண்டு பம்புகளின் முள் ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ. வேறுபடுவது சகஜம். நண்பர் பம்பில் 75, உங்கள் பம்பில் 75 இரண்டும் ஒன்றல்ல. உங்கள் எண்ணை ஒரே மீட்டரில் கண்டுபிடித்து அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், அது தப்பாகக் காட்டினாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் போதும். அப்புறம், பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' குழாயில் நின்ற காற்று. அதற்காக இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டி அடிக்க வேண்டாம்.

"முந்தாநாள்தான் அடிச்சேன்"

சாதாரண ட்யூபிலும் காற்று மெல்ல இறங்கும். லேடெக்ஸ் ட்யூபில் ஒரே இரவில் தெளிவாகத் தெரியும் அளவுக்கு இறங்கிவிடும். கிளம்பும் முன் பாருங்கள். வெயிலையும் மனதில் வையுங்கள்: 80 அடித்த டயர் 10 டிகிரி சூடேறினால் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடும்.

கார்பன் டை ஆக்சைடு குப்பியால் அடித்ததை அப்படியே விடுவது

வழியில் பஞ்சரானால் அவசரத்துக்கு அடிக்கும் அந்த வாயு ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும். வீட்டுக்கு வந்ததும் முழுக்க இறக்கிவிட்டுப் பம்பால் அடித்து வையுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை சப்பை டயரைப் பார்த்து, இல்லாத பஞ்சரைத் தண்ணீர் வாளியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.