இருட்டினால் அணையும் கேமரா

காசிமேட்டில் ஒரு வலைக் கிடங்கு. பின்சுவர்க் கேமரா பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். இருட்டியதும் அணைந்து அணைந்து உயிர்பெறும். கேமராவை மாற்றியும் பயனில்லை என்று உரிமையாளர் அலுத்துக்கொண்டார்.

அதற்குத் தனி மின்வயர் கிடையாது. பி.ஓ.இ. (பவர் ஓவர் ஈதர்நெட்) சுவிட்சிலிருந்து நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் போகிறது. இருட்டினால் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், கேமரா இழுக்கும் மின்சாரம் கூடும். அப்போதுதான் தடுமாறுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான். கேமராவைக் கழற்றி வந்து, குட்டைக் கேபிளில் சுவிட்சோடு மாட்டி, முகத்தைத் துணியால் மூடினேன். விளக்குகள் எரிந்தன, தடங்கலே இல்லை.

பழைய கேபிளின் முனையை வெட்டி ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம்! இதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நீளம் கூடக்கூட வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடும். 2003-இல் வந்த 802.3ஏஎஃப் என்ற பி.ஓ.இ. தரப்படி சுவிட்ச் 15.4 வாட் கொடுத்தால் 100 மீட்டர் கேபிளின் மறுமுனையில் 12.95 வாட் கிடைக்க வேண்டும். அந்தக் கணக்கு முழுச் செம்புக் கம்பிக்கானது. போதாக்குறைக்கு, உப்புக் காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பூத்திருந்தன.

முழுச் செம்பு கேட்-6 கேபிள் இழுத்து, வெளி இணைப்பை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்தேன். விலை அதிகம்தான். ஆனால் மின்சாரம் சுமக்கும் கேபிளில் அலுமினியத்தைச் செம்பு என்று சொல்லி விற்பது பச்சை அநியாயம். வாங்கும்போது கடையிலேயே ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்.