மூச்சு விடுதல்: மருத்துவக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளிகளுக்கான மருத்துவக் குறிப்புகளை மொழிபெயர்க்கப் புதிதாக வருவோரின் படிகளைத் திருத்தும்போது, எங்கள் தலைமுறை செய்து கைவிட்ட பிழைகளே மீண்டும் தலைகாட்டுவதைக் காண்கிறேன். ஒற்றுப்பிழைகளை மெய்ப்புத் திருத்துபவர் பிடித்துவிடுவார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ‘மூச்சு விடு’ என்னும் அன்றாட வினையும் அதன் சுற்றமும் உண்டாக்கும் குழப்பம் அப்படி எளிதில் அகப்படுவதில்லை. ஏனெனில் ஒவ்வொரு வாக்கியமும் தனியே பார்த்தால் நல்ல தமிழாகவே இருக்கும்.

விடுவதா, இழுப்பதா, வாங்குவதா?

‘குழந்தை சீராக மூச்சு விடுகிறது’ என்றால் உள்ளே போவதும் வெளியே வருவதும் சேர்ந்த முழுச் செயல். ‘மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்’ என்று மருத்துவர் சொல்லும்போது அதே ‘விடு’ வெளியேற்றத்தை மட்டும் குறிக்கிறது. பேச்சில் இது யாரையும் குழப்புவதில்லை, தாளில் குழப்புகிறது.

ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரைக் குலுக்கிவிட்டு, முதலில் நெஞ்சில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு வாய்ப்பகுதியை உதடுகளால் கவ்வி, மெதுவாக ஆழ்ந்து இழுக்கத் தொடங்கும்போதே குப்பியை அழுத்தி, ஏறத்தாழ 10 விநாடி மூச்சை அடக்கி வைக்க வேண்டும். நான் திருத்துவதற்கு முன்பே அச்சாகிவிட்ட ஒரு துண்டறிக்கையில், முதல் படிக்கு ‘மூச்சு விடவும்’ என்றும், அடுத்ததற்கு ‘மூச்சு வாங்கவும்’ என்றும் இருந்தது. அகராதியில் ‘வாங்கு’ என்பதற்குப் பெறுதல் என்று பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் மாடிப்படி ஏறினால் வாங்குவதும் மூச்சுதான். நோயாளி மருத்துவமனைக்கு வந்ததே அந்தத் தொல்லைக்காகத்தான். அந்தத் தாளைப் படித்த ஓர் அம்மாள், ‘மூச்சு வாங்குதுன்னுதானே மருந்துக்கு வந்தேன், இதுல மூச்சு வாங்கச் சொல்லியிருக்கே?’ என்று கேட்டார். அவராவது கேட்டார், கேட்காதவர்கள் வெடுக்கென்று இழுத்திருப்பார்கள். வேகமாக இழுத்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும், நுரையீரலுக்குப் போய்ச் சேராது. தாள்களைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்ட செலவை நான் மறந்துவிட்டேன். வீட்டில் உள்ள ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கக்கூடிய பிழை, மருந்து கையில் இருந்தும் சிலரைத் திணறவிட்டதே என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

‘மூச்சை முழுவதும் வெளியே விடவும், பிறகு மெதுவாக உள்ளே இழுக்கவும்’ என்று எழுதுங்கள். ‘வெளியே’, ‘உள்ளே’ என்ற இரண்டு சொற்களையும் சுருக்கம் கருதி ஒருபோதும் வெட்டாதீர்கள்.

அடக்குவதும் அடங்குவதும்

முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்குகிறார். இறந்தவருக்கு மூச்சு அடங்குகிறது. தன்வினை, பிறவினை வேறுபாட்டில் ஓர் உயிரே இருக்கிறது. ‘மூச்சை நிறுத்தவும்’ என்ற தொடரை எந்தக் குறிப்பிலும் அனுமதிக்காதீர்கள். மார்பு எக்ஸ்ரேயை நுரையீரல் நிறைந்திருக்கும்போது எடுப்பதால், அங்கே ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்பார்கள். அதைவிடத் தெளிவான தொடர் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதையே பெயர்ச்சொல்லாக்கி ‘மூச்சுப் பிடிப்புப் பயிற்சி’ என்று தலைப்பிட்டால், பளு தூக்கியதால் முதுகிலும் விலாவிலும் பிடித்துக்கொள்ளும் வலியைத்தான் வாசகர் நினைப்பார்.

இரண்டாம் வேற்றுமை

‘மூச்சு விட்டார்’ என்றால் இருக்கிறார். ‘மூச்சை விட்டார்’ என்றால் உறவினர்கள் அழத் தொடங்கிவிடக்கூடும்.

புகையை மூச்சு விட முடியாது

சுவாசிக்கத்தான் முடியும்.

‘மூச்சு விடாதீர்கள்’

யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் இதற்குப் பொருள் உண்டு. ஸ்கேன் அறையில் ‘மூச்சை அடக்கிக்கொள்ளவும்’ என்றே எழுதுங்கள்.

பேச்சு மூச்சில்லாமல்

கதையில் இது அழகான தொடர். முதலுதவிக் குறிப்பில் ஆபத்தானது. ஏனெனில் மயங்கிக் கிடப்பவரையும் மூச்சே நின்றுபோனவரையும் மக்கள் இதே தொடரால் சொல்கிறார்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஆகவே கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதை ஒரு வரியிலும், மார்பு ஏறி இறங்குகிறதா என்பதை அடுத்த வரியிலும் தனித்தனியே கேளுங்கள். இரண்டாவது சோதனைக்கு 10 விநாடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.